பத்தாவது அடுக்கு

பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார். ஆகவே மேடம் என்றே வைத்துக்கொள்கிறேன். கல்லூரியில் நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். நான் கெமிஸ்ட்ரி, அவர் ஃபிசிக்ஸ். ஒரே மாடியில் எதிரெதிர் கதவுகள். நான் ஓய்வு பெற்றுப் புத்தூர் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறேன். அவர் பெரிய ஆராய்ச்சி நிலையம் ஒன்றுக்குப் போய்விட்டார். இருந்தாலும் பீரோவில் ஒரு தட்டு காலியாக இருந்தால் போதும், எனக்கு அவர் ஞாபகம் வந்துவிடும்.

காலி இடம் என்றால் அவருக்கு ஆகாது. சிலருக்குத் தூசி ஆகாது, சிலருக்குக் கத்திரிக்காய் ஆகாது, இவருக்குக் காலி இடம். டிபன் பாக்ஸில் தயிர்சாதத்துக்கும் மூடிக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருந்தால் அங்கே இரண்டு மோர்மிளகாய் படுத்திருக்கும். கரும்பலகையில் எழுத ஆரம்பித்தால் சாக்பீஸ் போய் மரச்சட்டத்தில் இடித்த பிறகுதான் அடுத்த வரி. பலகை நிறைந்துவிட்டதே, அழித்துவிட்டு எழுதுங்களேன் என்றால், "அந்த மூலையில இன்னும் இடம் இருக்கே சார்" என்பார்.

குடியிருந்தது ஸ்ரீரங்கத்தில், அடையவளஞ்சான் வீதியில் ஒரு மாடிப் போர்ஷன். காலையில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வருவார். மச்சினன் வீட்டில் தங்கிவிட்டு ஒரு நாள் நானும் அந்த பஸ்ஸில் வர நேர்ந்தது. அம்மாமண்டபம் ஸ்டாப்பிலேயே பஸ் நிரம்பி வழிந்தது. இனி யாரும் ஏற முடியாது என்று நான் நினைத்தபோது நடுவிலிருந்து ஒரு குரல்.

"அண்ணே, அந்தப் பையைக் கீழ வைக்காதீங்க, மடியில வச்சுக்கங்க. பாப்பா, நீ இப்படித் திரும்பி நில்லும்மா. அவ்ளோதான், பின்னாடி மூணு பேரு நிக்கலாம். ஏறுங்க, ஏறுங்க!"

மேடம்தான். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்: "மேடம், டிக்கெட்டையும் நீங்களே கிழிச்சுக் குடுத்துருங்க. நான் இறங்கி நடந்து வந்துக்கறேன்."

மூன்று பேரும் ஏறிவிட்டார்கள். பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது எனக்கு மூச்சு முட்டியது. அவர் முகத்திலோ விருந்து சாப்பிட்டுக் கை கழுவியவரின் திருப்தி.

என்னோடு முதல் சண்டை ஃப்ரிட்ஜில் ஆரம்பித்தது. எங்கள் லேபில் ரசாயனங்கள் வைக்க ஒரு பழைய ஃப்ரிட்ஜ் உண்டு. அதில் எது எங்கே இருக்கிறது என்பது எனக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரியும். சில நாள் கடவுளுக்கு மட்டும். ஒரு மத்தியானம் வகுப்பு முடிந்து வந்து கதவைத் திறந்தால், என் பாட்டில்களெல்லாம் ஸ்கூல் அசெம்பிளியில் நிற்பதுபோல உயரம் பார்த்து நிற்கின்றன. கீழ்த்தட்டு முழுக்க அவருடைய சாயக் குப்பிகள்.

"யாரைக் கேட்டு இதைத் தொட்டீங்க மேடம்?"

"உங்களைத்தான் தேடினேன் சார். நீங்க கிளாஸ்ல இருந்தீங்க."

"கெமிஸ்ட்ரி ஃப்ரிட்ஜுல ஃபிசிக்ஸுக்கு என்ன வேலை?"

"பாதி ஃப்ரிட்ஜு சும்மா காத்தைக் குளிர வச்சுக்கிட்டு இருந்துச்சு சார். காத்து என்ன, கெட்டா போயிடும்?"

நான் மாடி முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும், வந்தால் குரலைக் கூடவே கூட்டிக்கொண்டு வரும். எல்லாவற்றையும் நின்று கேட்டார். முடிந்ததும், ஃப்ரிட்ஜின் பின்பக்கத்திலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து என் கையில் வைத்தார். தொலைந்துபோனது என்று நான் முடிவுகட்டி, வேறு வாங்கியும் வைத்துவிட்ட பாட்டில். அதற்கு மேல் ஒரு மனுஷன் எப்படிக் கத்துவது? அன்றிலிருந்து கீழ்த்தட்டு ஃபிசிக்ஸுக்கு என்று ஆகிவிட்டது.

என் மனைவி அவருக்கு அடிமையானது மலைக்கோட்டைப் பாத்திரக் கடையில். மகள் கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரங்கள் வாங்கப் போயிருந்தோம். வாங்கியதைப் பார்த்தால் குட்டியானை வண்டி ஒன்று சொல்ல வேண்டும் போல இருந்தது. துணைக்கு வந்த மேடம் கடைவாசலில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அண்டாவுக்குள் தவலை, தவலைக்குள் குடம், குடத்துக்குள் சொம்பு, சொம்புக்குள் கரண்டிகள், இடுக்குகளில் டம்ளர்கள். எல்லாம் ஒரே ஆட்டோவில் போயிற்று, என் மனைவியும் அவரும் உட்பட. நான் பஸ்ஸில் வந்தேன். எனக்கும் இடம் பண்ணித் தருவதாகத்தான் சொன்னார். நான் பயந்துவிட்டேன்.

இதெல்லாம் வேடிக்கை. ஆனால் தன் நாட்களையும் இப்படித்தான் அடைத்து வைத்திருந்தார். காபியை நடந்துகொண்டே குடிப்பார். பஸ்ஸில் நின்றுகொண்டே விடைத்தாள் திருத்துவார். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. "இந்தப் பொண்ணு என்னைக்காவது சும்மா உக்காருமா?" என்று என் மனைவி கவலைப்படுவாள். எனக்கும் அந்தக் கவலை இருந்தது.

ஆராய்ச்சியும் அதே வியாதிதான். சிடி, டிவிடி என்று எல்லார் வீட்டிலும் ஒரு காலத்தில் மினுக்கிக்கொண்டு கிடந்ததே, அந்த டிஸ்க்குகளில் இன்னும் எவ்வளவு அடைக்கலாம் என்பதுதான் அவர் வேலை. ஊரே பென்டிரைவுக்குப் போய், அதையும் விட்டு கிளவுடுக்குப் போன பிறகு இவர் டிஸ்க்கைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் சும்மா இருப்பேனா?

"மேடம், இப்ப சிடியை வயல்ல குருவி விரட்டக் கட்டி விடுறாங்க. நீங்க அதுல போயி ஆராய்ச்சி பண்றீங்க."

"பண்றேன் சார். கிளவுடுன்னு சொல்றீங்களே, அதுக்கு ராத்திரி பகலா கரண்டு வேணும். இதை எழுதி பீரோவுல போட்டுப் பூட்டிடலாம். கரண்டு கேக்காது, சோறு கேக்காது." ஒரு பழைய சிடியை எடுத்து அதன் விளிம்பை என் கண்ணுக்கு நேரே பிடித்தார். "இந்தக் கனத்தைப் பாருங்க. எழுதுறது பூரா மேல் தோல்ல மட்டும்தான். மத்ததெல்லாம் வெறும் பிளாஸ்டிக்கு. இவ்ளோ இடத்தைச் சும்மா போட்டு வச்சிருக்காங்க சார், மனசு ஆறல."

நிஜமாகவே அவருக்கு மனசு ஆறவில்லை. சொந்த நிலத்தை யாரோ தரிசு போட்டுவிட்டதுபோல வருத்தப்பட்டார்.

தோலில் மட்டும் எழுதாமல் உள்ளே அடுக்கடுக்காக எழுத வேண்டும் என்பது அவர் திட்டம். சாயம் கலந்த பிளாஸ்டிக் கரைசலை டிஸ்க்கின் மேல் ஊற்றிச் சுழற்றினால் மெல்லிய படலமாகப் படியும். அது ஓர் அடுக்கு. அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று. லேசரை எந்த அடுக்கில் குவிக்கிறோமோ அந்த அடுக்கில் எழுதலாம், படிக்கலாம். சொல்வதற்குச் சுலபம். இரண்டாவது அடுக்கை ஊற்றியதுமே முதல் அடுக்கு கரைந்து சேறாகிவிட்டது. அந்தச் சேற்றோடு என் வாசலில் வந்து நின்றார்.

"ரெண்டும் ஒரே கரைசல் மேடம், கரையாம என்ன பண்ணும்? நடுவுல தண்ணில கரையற பிளாஸ்டிக்கை ஒரு பூச்சு குடுங்க. அது இதைக் கரைக்காது, இது அதைக் கரைக்காது" என்றேன்.

விஞ்ஞானத்துக்கு என் கொடை அவ்வளவுதான். அதை இன்றைக்கும் கல்யாணப் பந்திகளில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த இடைப்பூச்சு வந்ததும் அடுக்குகள் மளமளவென்று ஏறின. ஃபிசிக்ஸ் துறைத் தலைவர் உறையூர்க்காரர், பக்திமான், மேடத்தின் மேல் உயிரையே வைத்திருப்பவர். "நம்ம ஸ்ரீரங்கம் கோயில் மாதிரி ஏழு சுத்து ஆயிடுச்சுன்னா மங்களமா நிறுத்திக்கலாங்க மேடம்" என்றார்.

"ஏழோட ஏன் சார் நிறுத்தணும்? இடம் இருக்கே" என்று சொல்லிப் பத்துக்குக் கொண்டுபோய்விட்டார் மேடம்.

பத்தும் வந்தன. ஆனால் பேய் பிடித்து வந்தன. புத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து ஆள் பெயர் நீக்கிய எக்ஸ்ரே படங்களை வாங்கி ஓர் அடுக்குக்கு ஒன்றாகப் பதிந்து வைத்திருந்தார். ஆறாவது அடுக்கு வரை படம் சுத்தம். அதற்குக் கீழே போகப் போக ஒரு படத்தின் மேல் இன்னொன்றின் நிழல். பத்தாவது அடுக்கில் ஒருவருடைய நெஞ்சுக்கூடு. அதன் நடுவில் வேறு யாருடையதோ முழங்கால்.

"டாக்டர் இதைப் பாத்தா என்னன்னு மருந்து எழுதுவாரு மேடம்?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அடுக்குகளுக்கு நடுவே இடைவெளி எங்கோ பிசகியிருக்கிறது என்று நினைத்து, எல்லா இடைவெளியும் அச்சாக ஒரே அளவில் இருக்கும்படி மறுபடி மறுபடி செய்தார். அளவு எவ்வளவு துல்லியமாகச் சமமானதோ முழங்கால் அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது.

இந்த நிலையில் ஆராய்ச்சிக்கு நிதி கிடைத்த காலம் முடிந்து, ஆய்வுக் குழு வரும் தேதி வந்தது. இதை மேலும் தொடரலாமா வேண்டாமா என்று அவர்கள் எழுதுவதுதான் முடிவு. வேண்டாம் என்று எழுதினால் அந்த அறையைக் காலி செய்து ஸ்மார்ட் கிளாஸ் ஆக்கிவிடப் பிரின்சிபால் தயாராக இருந்தார். மெஷின்கள் குடோனுக்குப் போகும். இத்தனை வருஷ வேலை அதோடு சரி. மேடம் டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனதை அந்த வாரத்தில்தான் பார்த்தேன்.

ஐப்பசி மாதம், அடைமழை. குழு வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் துறைத் தலைவர் ஒரு காரியம் செய்தார். கல்யாணப் பத்திரிகை, ஹால் டிக்கெட், புது வண்டிச் சாவி எதுவானாலும் சாமி காலடியில் வைத்து எடுப்பது நம் வழக்கம். அவர் புதுப் பேனாவைக்கூட அப்படி வைத்துத்தான் எழுத ஆரம்பிப்பார். லேப் சாவி ஒன்று அவரிடம் இருந்தது. நல்லது நடக்கட்டும் என்று யாரிடமும் சொல்லாமல் அந்த டிஸ்க்கை எடுத்துக்கொண்டு மலைக்கோட்டை ஏறிவிட்டார்.

காலையில் மஞ்சள் பையோடு, முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "மேடம், நம்ம டிஸ்க்கை உச்சிப் பிள்ளையார் காலடியில வச்சு எடுத்துட்டேன். அருகம்புல்லோட வாழை இலையில பொதிஞ்சு ராத்திரி பூரா எங்க வீட்டு பூஜை ரூம்ல வச்சிருந்தேன். இனிமே கவலையே வேணாம்."

பையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. மேடம் ஒரு ஸ்டூலைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். அந்த இடைப்பூச்சு தண்ணீரில் கரையும் பிளாஸ்டிக் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வேறு டிஸ்க் எழுத நேரமில்லை. அந்த நல்ல மனுஷனைப் பார்த்து அவர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "நல்லதுங்க சார்." அதே நேரம் வாசலில் ஒரு கார்ப்பென்டர் டேப்பை நீட்டிச் சுவரை அளக்க ஆரம்பித்தார். ஸ்மார்ட் கிளாஸுக்கு மேடை அடிக்கப் பிரின்சிபால் அனுப்பிய ஆள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த டேப்பைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்திருப்பேன்.

குழுவில் இரண்டு பேர். பெரியவர் பெங்களூர் நிபுணர், ஆங்கிலம் தவிர வேறு மொழி தெரியாதவர்போல முகத்தை வைத்திருந்தார். இன்னொருவர் அவர் சொல்வதை எழுதிக்கொள்பவர். டிஸ்க்கைத் துடைத்து மெஷினில் வைத்தார்கள். முதல் அடுக்கு வந்தது. இரண்டாவது மங்கலாக வந்தது. மூன்றாவதில் திரை முழுக்கப் புள்ளிகள். நான்கு, ஐந்து, எல்லாம் அப்படியே.

"பதிவு அழிந்துவிட்டது போலிருக்கிறதே" என்றார் பெரியவர் ஆங்கிலத்தில். எழுதுகிறவர் பேனாவை மூடினார். துறைத் தலைவருக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் முகம் செத்துவிட்டது.

மேடம் பின்வரிசையில் இருந்த என் பக்கம் திரும்பினார். "சார், அந்த இடைப்பூச்சு இவ்ளோ ஈரத்துக்குக் கரையுமா, வீங்குமா?"

"இதுக்கெல்லாம் கரையாது மேடம். ஈரத்தைக் குடிச்சு வீங்கும், அவ்ளோதான்."

"அப்ப எழுதினது?"

"எழுதினது சாய அடுக்குல இருக்கு. அதுக்கு ஒண்ணும் ஆகாது. ஒண்ணுக்கொண்ணு தள்ளி நிக்கும்."

"அப்ப எல்லாம் உள்ளதான் இருக்கு" என்றார் மேடம். குரல் மாறிவிட்டது. பஸ்ஸில் கேட்ட குரல் அது. கம்ப்யூட்டர் பழைய ஆழங்களிலேயே தேடிக்கொண்டிருந்தது. அவர் அதை நிறுத்திவிட்டு லேசரைக் குவிக்கும் திருகைக் கையில் பிடித்தார். கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறக்கினார். புள்ளிகள், புள்ளிகள், திடீரென்று ஒரு மணிக்கட்டு எலும்பு. மூன்றாவது அடுக்கு! இன்னும் இறக்கினார். நான்காவது வந்தது. ஐந்தாவதும் ஆறாவதும் வந்தன. வாசலில் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். ஒவ்வொரு எலும்புக்கும் கைதட்டினார்கள். கார்ப்பென்டரும் தட்டினார்.

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்து, பத்தாவதைப் பார்க்க வேண்டும் என்றார்.

முழங்கால் வரப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் திரையில் ஒரு நெஞ்சுக்கூடு. ஒவ்வொரு விலா எலும்பும் தனித்தனியாக, வாரிவிட்டதுபோலத் தெளிவாக. முழங்காலைக் காணோம். மேடம் ஒன்பதுக்குப் போனார், சுத்தம். எட்டு, அதுவும் சுத்தம். மறுபடி பத்துக்கு வந்தார். பிறகு சாக்பீஸை எடுத்துக்கொண்டு கரும்பலகைக்கு ஓடினார். ஓடினார் என்று சும்மா சொல்லவில்லை, ஒரு நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினார்.

"இடைவெளி சமமா இருந்ததுதான் சார் தப்பு!" ஆங்கிலமெல்லாம் மறந்துபோயிற்று. "சமமா வச்சா, மேல் அடுக்குகள்ல முட்டி மோதி வர்ற வெளிச்சமும் கீழேருந்து நேரா வர்ற வெளிச்சமும் ஒரே தூரம் நடந்து ஒரே எடத்துல வந்து நிக்குது. எது யாருதுன்னு மெஷினுக்குத் தெரியல. இப்ப மேல் பூச்சு நெறைய வீங்கியிருக்கு, கீழ் பூச்சு கொஞ்சமா வீங்கியிருக்கு. ஒரு இடைவெளி மாதிரி இன்னொண்ணு இல்ல. முட்டி மோதி வர்றது எங்கேயோ தவறிப் போயிடுது. கலக்கவே கலக்காது! இப்படியே வச்சா இருபது அடுக்கு போகலாம் சார்!"

பெரியவர் எழுந்து பலகையருகே வந்தார். பிறகு ஆங்கிலத்தில் கேட்டார், இந்த ஈரத்தை எப்படிக் கொடுத்தீர்கள் என்று.

"ஒரு ராத்திரி ஈரமான சூழ்நிலையில வச்சோம் சார்."

எந்த மாதிரி உபகரணத்தில்?

மேடம் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். துறைத் தலைவர் எழுந்து கைகூப்பினார். "வாழை இலைங்க சார். உச்சிப் பிள்ளையார் காலடியில வச்சு எடுத்து, நான்தான் இலையில பொதிஞ்சு வச்சேன். கெடுதல் ஆகும்னு தெரியாமப் போச்சு. மேடம் மேல ஒரு தப்பும் இல்லீங்க. எழுதுறதா இருந்தா என் பேரை எழுதிக்குங்க."

"எழுதத்தான் சார் போறோம்" என்றார் மேடம். "நான் மாசக்கணக்கா எல்லாத்தையும் சமம் பண்ணிக்கிட்டே கெடந்தேன். நீங்க ஒரே ராத்திரில மாத்திக் குடுத்தீங்க. கட்டுரையில உங்க பேரும் வரும்."

துறைத் தலைவர் குழந்தை மாதிரி அழுதார். பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நல்ல தமிழில் சொன்னார்: "நான் புதுக்கோட்டைக்காரன்தாங்க மேடம். காலையில நானும் மலை மேல போயி சாமி கும்பிட்டுட்டுத்தான் வந்தேன். நீங்க வேலையைப் பாருங்க. இந்த ரூமைக் காலி பண்ணச் சொல்லி யாராவது வந்தா என்கிட்ட பேசச் சொல்லுங்க."

மாடி அதிர்ந்தது. பிள்ளைகள் விசிலடித்தார்கள். கெமிஸ்ட்ரி துறையின் மானத்தை மறந்து நானும் அடித்தேன். அடுத்த மழைக்காலத்துக்குள் வாழை இலை இல்லாமலே, வேண்டுமென்றே வெவ்வேறு இடைவெளி வைத்து இருபது அடுக்கும் வந்துவிட்டன. ஆனால் எனக்கு அந்த முதல் நாள்தான் நாள். எவ்வளவு சந்தோஷம் ஒரு மனுஷர் முகத்தில் கொள்ளும் என்று அன்றுதான் பார்த்தேன்.

குழு காரில் ஏறிப் போனதும் நாங்கள் அறைக்குத் திரும்பினோம். கார்ப்பென்டர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு, தர்மசங்கடமாக வாசலில் நின்றார். "அப்ப மேடை அடிக்க வேணாங்களா மேடம்?"

"வேணாம்ண்ணே. சுவரை அளந்துட்டீங்கல்ல?"

"பூரா அளந்துட்டேன்."

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார் மேடம். "மேலேருந்து கீழ வரைக்கும் எனக்கு ஷெல்ஃப் அடிச்சுக் குடுங்க."